நாற்பத்தொன்றாம் பாட்டுக்கு ஆதாரம்

பாட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பேராயரின் வாழ்த்துரை இருக்கும். அடுத்த பக்கத்தில் தாளுக்கும் அச்சுக்கும் உதவிய குடும்பத்தின் பெயர் இருக்கும். அதற்கடுத்து எழுதியவர், மெட்டமைத்தவர், பிழை திருத்தியவர், அட்டைப்படம் வரைந்தவர் என்று பாதி ஊர் இருக்கும். ஒவ்வொரு வரியையும் வேதத்தோடு ஒத்துப் பார்த்து, இது நிற்கும், இது நிற்காது என்று சொன்னவளின் பெயர் மட்டும் இராது. அவள் பெயர் கெத்சியாள். எலியட்புரம் மகளிர் கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியை, ஐம்பத்து மூன்று வயது, மணமாகாதவள். இளமையில் சென்னையில் இறையியலும் படித்துத் தேறினாள். அவள் தேறிய காலத்தில் இந்தப் பக்கத்துச் சபைகள் பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கவில்லை. கொடுக்கத் தொடங்கிய காலத்தில் போய்க் கேட்கும் பொறுமை அவளிடம் இல்லை. பிரசங்க பீடத்துக்குப் பதிலாகப் பாடல் ஆய்வுக் குழுவில் ஒரு நாற்காலி கிடைத்தது. மற்றவர்கள் பாடுவதற்காக எழுதியதை அவள் பாடாமல் படித்துப் பார்க்க வேண்டும். பதினோரு வருடமாகப் பார்க்கிறாள்.

சனிக்கிழமை காலை பதினொரு மணி. பேராய அலுவலகத்து மாடியறையில் மின்விசிறி தாள்களைத் தூக்க, தூக்கிய தாள்களைப் பழைய ஞானப்பாட்டுப் புத்தகங்கள் அமுக்கிக்கொண்டிருந்தன. குழுவின் முறை எளிது. பாட்டு வந்ததும் எழுதியவர் பெயரின்மேல் காக்கித்தாள் ஒட்டி ஓர் எண் கொடுப்பார்கள். வரிக்கு வரி எதிரே ஆதார வசனம் எழுத வேண்டும். கிடைத்தால் 'உண்டு', கிடைக்காவிட்டால் 'இல்லை'. ஒரு பாட்டில் ஒரே ஒரு 'இல்லை' விழுந்தாலும், திருத்தினால் ஒழிய அந்தப் பாட்டு புத்தகத்தில் ஏறாது. குழுவில் இருப்பவர்கள் பாட்டு அனுப்பக் கூடாது. இந்த விதிகளை எழுதியவளே கெத்சியாள்தான். தலைவர் அருமைநாயகம் போதகர் முப்பத்தெட்டாம் பாட்டை உரக்க வாசித்தார். சொந்த வீடு தருவீராம், சொகுசுக் காரும் தருவீராம். "இதுக்கு எதும் வசனம் இருக்கா கெத்சியாம்மா?" என்றார். "வீட்டுக்கு இருக்கு ஐயா, பரலோகத்துல. காருக்குத்தான் கஷ்டம்." பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி வயலெட் அக்கா பின்னிக்கொண்டிருந்த கம்பளி நூலிலிருந்து தலை நிமிராமலே, "ஏட்டி, அக்கினி ரதம்னு ஒண்ணு வருமே, அதைப் போட்டுக்கொடேன், பாவம்," என்றாள். முப்பத்தொன்பதாம் பாட்டில் என்னைத் தேடிப் பரலோகமே காலியானது என்று ஒருவர் எழுதியிருந்தார். அப்படியானால் மற்றவர்களை அந்நேரம் யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கெத்சியாள் ஓரத்தில் எழுதினாள். நாற்பதாம் பாட்டில் 'நான்' பதினேழு முறை, கர்த்தர் இரண்டே முறை, அதுவும் எதுகைக்காக. இல்லை, இல்லை, இல்லை. கை பழகிய வேலையைச் செய்துகொண்டிருந்தது. நெஞ்சு மட்டும் அடுத்த தாளுக்காக அடித்துக்கொண்டது, பரீட்சை முடிவுப் பலகைக்கு முன் நிற்கும் பெண்ணுக்கு அடித்துக்கொள்வதைப் போல. ஐம்பத்து மூன்று வயதில் இது என்ன கேவலம் என்று தன்னையே வைதுகொண்டாள். அந்தத் தாளின் காக்கித்தாளுக்குக் கீழே தென்காசியில் இருக்கும் அவள் தங்கையின் பெயர் இருந்தது. தங்கைக்கு ஒரு வரி எழுத வராது. நாற்பத்தொன்றாம் பாட்டை எழுதியவள் கெத்சியாள்.

போதகர் வாசித்தார். வாசல் திறந்து வைத்திருந்தேன், நீர் வரவில்லை. விளக்கில் எண்ணெய் குறையவில்லை, நீர் வரவில்லை. தெருவில் போன ஒவ்வொரு காலடிக்கும் எழுந்தேன், நீர் வரவில்லை. மூன்றே அடி, பிறகு சரணம். ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிற குரல் அவருக்கு. ஆனாலும் அந்தக் குரலையும் தாண்டி வரி அறைக்குள் வந்து நின்றுவிட்டது. வயலெட் அக்காவின் ஊசிகள் நின்றன. ஆர்கன் வாசிக்கும் லேவி மாஸ்டர், போன வைகாசியில் மனைவியை அடக்கம் செய்தவர், மூலையில் கிடந்த ஆர்மோனியத்தை இழுத்து வைத்துக்கொண்டு ஒரு சுரத்தைப் பிடித்தார். கெத்சியாள் தாளைப் பார்த்தாள். தட்டச்சில் அது தன்னுடையதாகவே இல்லை. பெற்ற பிள்ளையைப் பள்ளிச் சீருடையில் பார்ப்பது போல என்று நினைத்து, பெற்றவள் நினைக்க வேண்டியதை நான் ஏன் நினைக்கிறேன் என்று அந்த உவமையை அடித்துவிட்டாள். எப்போது எழுதினாள்? விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், ஒரு மாணவியின் தாளைக் கவிழ்த்துவிட்டு, ரசீதின் பின்பக்கத்தில். எழுதி முடித்ததும் மின்சாரம் போயிற்று, வியர்த்தது, எழுந்து முகம் கழுவினாள். எதைப் பற்றி எழுதினாள் என்று அப்போது கேட்டிருந்தால், ஆண்டவருடைய இரண்டாம் வருகையைப் பற்றி என்றிருப்பாள், மனப்பூர்வமாக. ஆனால் வரி வந்தபோது கண்முன் நின்றது மேகமும் இல்லை, எக்காளமும் இல்லை. தாம்பரத்தில் ஒரு பெண்கள் விடுதியின் இரும்புக் கேட்.

ஒபேத். அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லி இருபத்தெட்டு வருடம் ஆகிறது, பிறர் வீட்டுப் பிள்ளைகளை அந்தப் பெயரில் கூப்பிட நேர்ந்தாலும் 'தம்பி' என்றே கூப்பிடுவாள். மிஷன் ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதிக்கிற வேலை பார்த்தவன், பாடகர் குழுவில் டெனர், ஆண்களின் மேல்குரல். பாடும்போது புத்தகத்தைப் பார்க்க மாட்டான், எதிரே பெண்கள் வரிசையையும் பார்க்க மாட்டான், மேலே ஜன்னல் கண்ணாடியைப் பார்ப்பான். அந்தக் கண்ணாடியில் அவள் தெரிந்தாள் என்று பிறகு ஒருநாள் சொன்னான். வடக்கே விதர்பாப் பக்கம் ஊழியத்துக்குப் போகத் தீர்மானித்திருந்தான். போவதற்கு முன் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று சீட்டு எழுதி அனுப்பினான். நாளை வருகிறேன் என்று விடுதிக் காப்பாளரிடம் சொல்லிவிட்டுப் போனான். அந்த நாளை விடிந்தது. கெத்சியாள் குங்குமப்பூ நிறத்தில் ஒரு சேலை கட்டிக்கொண்டு காலை எட்டு மணியிலிருந்து கேட்டருகே நின்றாள். பத்து மணிக்குத் தபால்காரர் வந்தார். ஒரு மணிக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. மாலை ஆறு மணிக்குக் காவல்காரர், "பூட்டணும்மா, உள்ள போம்மா," என்றார். வரவில்லை. அதற்குப் பிறகு எந்தக் கேட்டைப் பார்த்தாலும், கல்லூரிக் கேட், கல்லறைத் தோட்டத்துக் கேட், அதன் இரும்புக்கு அந்த நாளின் சூடு இருந்தது. வரவில்லை, அவ்வளவுதான். வரலாறு படித்தவள், நடந்ததைச் சொன்னாள். அம்மாவிடம் அப்படித்தான் சொன்னாள், தங்கையிடம் அப்படித்தான் சொன்னாள், கர்த்தரிடமும் இருபத்தெட்டு வருடமாக அப்படியேதான் சொல்லிவருகிறாள்.

"வரி நல்லாத்தான் இருக்கு," என்றார் போதகர், "ஆனா சபையில எப்படிம்மா பாடுறது? நீர் வரவில்லைன்னு ஆண்டவரையே குத்தம் சொல்லுதாப்ல இருக்குல்லா? நான் ஒண்ணு சொல்லுதேன். 'நீர் வந்தீர்'னு மாத்திருவோம். வாசல் திறந்து வைத்திருந்தேன், நீர் வந்தீர். தாளமும் கெடாது. வசனமும் கொள்ளை இருக்கு." கெத்சியாளுக்குக் காது மடல் சுட்டது. "வந்துட்டா அப்புறம் எதுக்கு ஐயா பாட்டு? இலையைப் போட்டுச் சோறு வைக்க வேண்டியதுதானே?" வயலெட் அக்கா சிரித்துவிட்டாள். போதகரும் சிரித்தார்; நல்ல மனிதர், சிரிக்கத் தெரிந்தவர், சிரித்துக்கொண்டே வரியை அறுத்துவிடக் கூடியவர். "நீங்க இப்படிச் சொன்னா எப்படி? போன மாசம் அந்த மார்த்தாண்டத்துத் தம்பி பாட்டுல ஒரு வரிக்கு வசனத்துல பாதியைத்தான் எடுத்திருக்கான்னு தூக்கி எறிஞ்சீங்களே. அவன் அழுதுட்டே போனான். இதுக்கு மட்டும் சலுகையா? ஆதாரம் காட்டுங்க, வச்சுக்கிடுவோம்." நியாயம். அவளுடைய கத்தியை அவளிடமே நீட்டினார். லேவி மாஸ்டர் ஆர்மோனியத்திலிருந்து கையை எடுக்காமல், "மாத்தாதீங்க ஐயா," என்றார் மெதுவாக, "இது நிக்கட்டும். அவர் வராத வீட்டுக்காரங்களும் சபையில இருக்கோம்லா?"

ஆதாரம். அவள் மனம் சங்கீதங்களுக்குள் ஓடியது, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, சந்து சந்தாக. எத்தனை நாள் மறைந்திருப்பீர் என்று கேட்கிறவன் இருக்கிறான். ஆனால் அவன் கேட்கிறான், கேட்பது வேறு, தீர்ப்பு எழுதுவது வேறு. கடைசிவரை விடியாமல் இருட்டிலேயே முடிகிற ஒரு சங்கீதமும் உண்டு. அதிலும் அவன் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான், 'வரவில்லை' என்று முடித்து எழுதவில்லை. தீர்க்கதரிசிகளிடம் போனாள். தாமதித்தாலும் காத்திரு என்றார்கள், இது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காத பதில். விளக்கோடு மணவாளனுக்குக் காத்திருந்த பெண்களிடம் போனாள். அங்கேயும் அவன் வந்துவிடுகிறான், பிந்தினாலும் வந்துவிடுகிறான், எண்ணெய் இருந்தவர்களுக்கெல்லாம் வந்துவிடுகிறான், என்னிடமும் எண்ணெய் இருந்ததே. இத்தனைக்கும் நடுவே ஒரு வசனம் தொடக்கத்திலிருந்தே கதவருகில் நின்றுகொண்டிருந்தது. அதை அவள் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பழைய ஏற்பாட்டின் அந்தக் காதல் பாட்டில் ஒருத்தி எழுந்து கதவைத் திறக்கிறாள், நேசனைக் காணோம், போய்விட்டான். திறந்த கதவு, வராத ஆள். இதைவிட நேரான ஆதாரம் எந்தப் பாட்டுக்கும் கிடைத்ததில்லை. வேதத்தை வருடத்துக்கு இருமுறை படித்து முடிக்கிறவளுக்கு இது முதலில் அல்லவா வந்திருக்க வேண்டும்? ஏன் கடைசியில் வருகிறது, ஏன் வந்தும் வாய்க்கு வர மறுக்கிறது என்று யோசிக்க அவகாசம் இல்லை. கீழே சாப்பாட்டு வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. பிரியாணி மணம் மாடிப்படி ஏறியது. போதகர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இருக்கு ஐயா," என்றாள். சொன்னாள், அதிகாரமும் வசனமும் சொன்னாள், கதவைத் திறந்தாள், நேசன் போய்விட்டிருந்தான் என்ற பகுதியை மனப்பாடமாகச் சொன்னாள். போதகர் புரட்டிப் பார்த்தார், விரலை வைத்தார், முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா! இதுக்குத்தான் நம்ம கெத்சியாம்மா வேணும்ங்கது. அப்படியே இருக்கு. எழுதிக்கிடுங்க, உண்டு." வயலெட் அக்கா, "எனக்கு மட்டும் இந்த வசனமெல்லாம் எங்க ஒளிஞ்சிருக்கோ," என்று நூலைச் சுருட்டினாள். லேவி மாஸ்டர் அதற்குள் மெட்டைப் பிடித்துவிட்டார். வயதான குரல், மேல் ஸ்தாயியில் இடறுகிற குரல். வாசல் திறந்து வைத்திருந்தேன், நீர் வரவில்லை. கெத்சியாள் பேனாவைக் கையில் பிடித்தபடி கேட்டாள். வேறொரு வாய் அதைச் சொல்லிக் கேட்பது இதுதான் முதல் தடவை. ஞாயிறு தோறும் இதை ஆயிரம் பேர் பாடுவார்கள், மீன்கார வீட்டுப் பெண்கள், டீச்சர்கள், துபாய்க்குப் போனவனின் மனைவி, எல்லோரும் எழுந்து நின்று நீர் வரவில்லை என்பார்கள். அவள் தனியாகச் சொன்னதை ஊரே கூடிச் சொல்லும். அவ்வளவு பேர் சொன்னால் அவருக்குக் கேட்காதா? எவருக்கு? அந்தக் கேள்வியில்தான் இடறினாள். எவருக்கு. அந்த 'நீர்' யார். விதர்பாவில் எங்கோ இரத்தம் சோதித்து நரைத்திருக்கும் ஒருவனைக் கூப்பிட, பரிசுத்த ஆலயத்தில் ஆயிரம் பேரை எழுப்பி நிறுத்துவதா?

அதுகூடப் பெரிதில்லை; ஆண்டவர் அதையும் பொறுத்துக்கொள்வார், மனிதரைத் தேடித் தேடித்தான் மனிதர் அவரிடம் வந்து சேருகிறார்கள். வேறொன்று. போதகர் மூடி வைத்த புத்தகத்தில் அந்த வசனத்துக்கு நான்கு வசனம் முன்னால் என்ன இருக்கிறது? அவன் வருகிறான். தலை பனியில் நனைய வந்து கதவைத் தட்டுகிறான். உள்ளே இருப்பவள், ஆடையைக் கழற்றிவிட்டேன், காலைக் கழுவிவிட்டேன், இனி எப்படி எழுந்து வருவது என்கிறாள். அவள் சோம்பி எழுந்து வருவதற்குள் அவன் போய்விடுகிறான். பாதி வசனத்தைப் பிய்த்து எடுத்தவர்களை இந்த மேசையில் பதினோரு வருடமாக அவள் உரித்திருக்கிறாள். மார்த்தாண்டத்துப் பையன் செய்ததும் இதுவே. கழுவிய கால். நனைந்த தலை. அந்த நாளைக்கு முந்தின நாள் மாலை ஐப்பசி மழை, ஓர் ஆயா மேலே வந்து, "அம்மா, உன்னைப் பாக்க ஆள் வந்திருக்கு, தொப்பலா நனைஞ்சிருக்கு," என்றாள். கெத்சியாள் ஆய்வேட்டின் நான்காம் இயலில் இருந்தாள். அடிக்குறிப்பு பதினெட்டு. இரண்டு நாளில் சமர்ப்பிக்க வேண்டும். "பத்து நிமிஷம்னு சொல்லு." பத்து நிமிடத்தில் அடிக்குறிப்பு இருபத்தொன்று ஆயிற்று. காத்திருக்கட்டும் என்று நினைத்தாளா? நினைத்தாள். கேட்க வந்தவன்தானே, காத்திருந்து கேட்கட்டும், பெண்ணென்றால் கூப்பிட்டதும் ஓடிவர வேண்டுமா என்ற ஒரு சின்ன இனிப்பு நாக்கில் இருந்தது, இப்போதும் இருக்கிறது. முடிவுரையின் முதல் பத்தியையும் எழுதிவிட்டுத்தான் இறங்கினாள். ஒரு மணி நேரத்துக்கு மேல். பார்வையாளர் அறையில் பிரம்பு நாற்காலியைச் சுற்றித் தரையில் தண்ணீர் தேங்கியிருந்தது. காப்பாளர், "நாளைக்கு வரேன்னு சொல்லிட்டுப் போயிட்டார்," என்றார். அவர் இவள் கண்ணைப் பார்க்காமல் சொன்னாரா? அந்த நாளை என்ற சொல்லை அவன்தான் சொன்னானா, அவள் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டுக் காப்பாளர் சேர்த்துச் சொன்னாரா? இருபத்தெட்டு வருடமாக அவள் கேட்டிலிருந்தே கதையைத் தொடங்கியிருக்கிறாள். நான்கு வசனம் முன்னால் போனதே இல்லை.

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். "வாங்கம்மா, ஆறிரும்," என்றார் போதகர். தாளில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது. யாரும் பார்க்கப் போவதில்லை. உண்டு என்றாலும் மூன்று எழுத்து, இல்லை என்றாலும் மூன்று எழுத்து, அவ்வளவுதான். லேவி மாஸ்டர் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார், கண்ணை மூடி, சரணத்தைத் தேடி. அவருக்காகவாவது விட்டுவிடலாம் என்று தோன்றியது; அவருடைய வரவில்லை உண்மையானது, கல்லறைக்குப் போனவள் அவர் தாமதித்ததால் வராமல் இருக்கவில்லை. அவருக்காக என்று சொல்லிக்கொண்டே எனக்காகச் செய்யப் போகிறேன் என்றும் தோன்றியது. அவள் 'இல்லை' என்று எழுதினாள். பிறகு, "ஐயா, உட்காருங்க," என்றாள். "நான் பாதி சொன்னேன். அந்த வசனத்துக்கு முன்னாடி படிச்சா அவன் வந்து தட்டுறான். அவதான் எழுந்து வரலை. இந்தப் பாட்டு வந்தவனை வரலைங்குது. பொய்ச்சாட்சி. ஏத்தக் கூடாது." போதகர் தட்டைத் தேடிய கையை நிறுத்தினார். "அடப் போங்கம்மா! பாட்டுதானே? யாரு போய் முன்னாடி பின்னாடி படிக்கப் போறா?" "நான் படிப்பேன்." வயலெட் அக்கா அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள், நாற்பது வருடம் பெண்களின் ஜெபக் கூட்டத்தில் உட்கார்ந்து பழகிய கண், கெத்சியாளின் தோளில் கையை வைத்து, "வா, சாப்பிடு முதல்ல," என்றாள். ஆர்மோனியம் நின்றது. லேவி மாஸ்டர், "நல்ல மெட்டு வந்துச்சும்மா," என்றார். கோபித்திருந்தால் தாங்கியிருப்பாள். அவர் கோபிக்கவில்லை. அவள் அவரைப் பார்த்து, "தெரியும் மாஸ்டர், கேட்டேன்," என்றாள், இருமிக்கொண்டே கீழே இறங்கினாள்.

நாற்பத்தொன்றாம் பாட்டு ஏறவில்லை. அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தில் கெத்சியாள் ஓர் ஆஸ்பத்திரிக் கையேட்டிலிருந்து முகவரி எடுத்து ஒபேத்துக்கு ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினாள். தாமதித்தது நான், இத்தனை நாள் உங்களைச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று எழுதினாள். பதினேழு நாள் கழித்துப் பதில் வந்தது. விடுதி நினைவிருக்கிறது, மழை நினைவிருக்கிறது, அங்கே யாருக்காகக் காத்திருந்தேன் என்பது நினைவில்லை, மன்னிக்கவும், நானும் என் மனைவியும் உங்களுக்காக ஜெபிக்கிறோம் என்று அவன் எழுதியிருந்தான். அவள் குழுவில் மேலும் நான்கு ஆண்டுகள் இருந்தாள். ஓய்வு பெற்றபின் தென்காசியில் தங்கை வீட்டு மாடியில் குடியிருந்தாள். மணம் செய்துகொள்ளவில்லை. அறுபத்தாறாம் வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கஞ்சி குடித்துவிட்டுச் செய்தித்தாள் படிக்க உட்கார்ந்தவள், உட்கார்ந்தபடியே இறந்தாள். வேறு பாட்டு எதுவும் எழுதவில்லை.